குன்னூர்ப் போர்வையும் கொள்முதல் ஆணையமும்

குன்னூரிலிருந்து ஒரு பெண் தொழில்முனைவோர் கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் கேள்வி இதுதான். ஓர் அரசு நிறுவனத்துக்குக் கம்பளிப் போர்வை சப்ளை செய்யும் டெண்டரில் கலந்துகொண்டிருக்கிறார். தொழில்நுட்ப உறையைப் பார்த்ததுமே அவரைத் தள்ளிவிட்டார்கள். ‘நிபந்தனை பூர்த்தி செய்யப்படவில்லை’ என்று மூன்றே வார்த்தை. ‘என் விலைதான் இருந்ததிலேயே குறைவு. இலங்கையில் கொள்முதலைக் கண்காணிக்க தேசிய அளவில் ஓர் ஆணைக்குழு இருக்கிறதாம், ஆப்பிரிக்க நாடுகளில்கூட இருக்கிறதாம். அது என்னதான் செய்யும்? நம் நாட்டில் ஏன் இல்லை? இருந்திருந்தால் எனக்கு நியாயம் கிடைத்திருக்குமா?’

ஊட்டியில் டெண்டர் பிரிவு, கணக்குப் பிரிவு என்று மாறி மாறி இருபத்தொன்பது வருடம் உட்கார்ந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு கோத்தகிரியில் இருக்கிறேன். உங்கள் கேள்வி ஒன்று மாதிரி தெரிந்தாலும் உள்ளே மூன்று கேள்வி இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் விலைதான் குறைவு என்று எப்படித் தெரியும்? இரண்டு உறை முறையில் தொழில்நுட்ப உறையில் தேறியவர்களின் விலை உறையைத்தான் திறப்பார்கள். உங்களுடையது திறக்கப்படவே இல்லை. ஜெயித்தவர் விலையைப் பிறகு கேள்விப்பட்டு, உங்கள் விலையோடு ஒப்பிட்டிருப்பீர்கள். அந்த ஒப்பீடு சரியாகவே இருக்கலாம். ஆனால் புகாரை ‘என் விலை குறைவு’ என்று ஆரம்பித்தால், படிக்கிற அதிகாரி முதல் வரியிலேயே ‘இந்த அம்மாவுக்கு முறையே தெரியவில்லை’ என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார். உங்கள் புகாரின் உயிர் விலையில் இல்லை. எந்த நிபந்தனை, எந்தக் காகிதம் என்று சொல்லாமல் தள்ளினார்களே, அதில் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நீங்கள் கேட்ட ஆணைக்குழு மாதிரியான கொள்முதல் ஒழுங்குமுறை அமைப்பின் வேலையே பெரும்பாலும் இந்த இடத்தைச் சுற்றித்தான்.

அந்த அமைப்பு எதையும் வாங்காது. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். டெல்லியில் முன்பு டி.ஜி.எஸ். அண்ட் டி. என்று ஒரு பெரிய இயக்குநரகம் இருந்தது. மத்திய அரசுத் துறைகளுக்கெல்லாம் விலை ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கும். 2017 அக்டோபர் 31ஆம் தேதி அதை மூடினார்கள். அதற்கு முந்தைய வருடம் ஆரம்பித்த ஜெம் என்கிற இணையச் சந்தை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. முன்னது வாங்கிக் கொடுத்த இடம், பின்னது வாங்குகிற இடம். இரண்டுமே ஒழுங்குமுறை அமைப்பு கிடையாது. ஒழுங்குமுறை அமைப்பு என்றால், வாங்குகிற எல்லா அலுவலகங்களுக்கும் மேலே நின்று, எப்படி வாங்க வேண்டும் என்று விதி செய்து, அந்த விதிப்படி வாங்கினார்களா என்று பார்க்கிற அமைப்பு. போர்வை எந்தக் கடையில் என்பது அதற்குக் கவலையில்லை. போர்வை டெண்டருக்கு எத்தனை நாள் அவகாசம் கொடுத்தார்கள், நிபந்தனைகளை யார் எழுதியது, தோற்றவருக்கு என்ன பதில் போனது என்பதுதான் அதன் கவலை.

வழக்கமாக அதன் மேசையில் இருக்கும் வேலைகள் இவை: மாதிரி டெண்டர் ஆவணம் தயாரிப்பது, வாங்கும் அலுவலர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, நாடு முழுக்க யார் யாரிடம் எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்று தகவல் திரட்டுவது, அலுவலகங்களைத் தணிக்கை செய்வது, மோசடி செய்த ஒப்பந்ததாரரைக் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பது. மாதிரி ஆவணம் என்பது சாதாரண விஷயமாகத் தெரியும். எனக்கு அது பெரிய விஷயம். ஒவ்வோர் அலுவலகமும் பழைய டெண்டர் ஒன்றை எடுத்து, பேரை மாற்றி, இன்னும் இரண்டு நிபந்தனையைச் சொருகித்தான் புது டெண்டர் போடுகிறது. பத்து வருடத்தில் அது பழைய வீட்டுப் பரண் மாதிரி ஆகிவிடும். எதற்காக வைத்தது என்று யாருக்கும் தெரியாது, எடுத்துப் போடவும் பயம். நீங்கள் அனுப்பிய டெண்டர் ஆவணத்தை எண்ணிப் பார்த்தேன். போர்வைக்குப் பதினான்கு தகுதி நிபந்தனை. அதில் ஒன்று, ‘உபகரணங்களை இயக்கிக் காட்ட வேண்டும்’. போர்வையை எப்படி இயக்குவது? ஏதோ மருத்துவக் கருவி டெண்டரிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வரி அது. இப்படி ஒரு வரி கிடந்தால், வேண்டாதவரைத் தள்ள அதுவே போதும்.

சில சமயம் அந்த வரி தெரியாமல் ஒட்டிக்கொள்வதில்லை. தையல்காரர் அளவெடுத்த மாதிரி ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் பொருந்துகிற நிபந்தனைகளைப் பார்த்திருக்கிறேன். மலைக்கு மேலே சரக்கு ஏற ஒரு வாரம் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். பர்லியாறு வழியில் ஒரு மரம் விழுந்தால் அந்த நாள் போச்சு. அப்படியிருக்க, ஆணை கிடைத்த மூன்றாம் நாள் முழுச் சரக்கும் இறங்க வேண்டும் என்று எழுதினால் என்ன அர்த்தம்? ஏற்கெனவே சரக்கை இறக்கி வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அந்த டெண்டர் என்று அர்த்தம்.

சரி, புகாருக்கு வருவோம். விதி எழுதுகிறவரே புகாரையும் விசாரிக்கலாமா? கூடாது என்பது என் கட்சி. பல நாடுகள் பட்டு உணர்ந்து பிரித்திருக்கின்றன. தான்சானியாவில் ஒழுங்குமுறை ஆணையம் தனி, மேல்முறையீட்டு ஆணையம் தனி. கென்யாவில் 2015ஆம் வருடச் சட்டப்படி ஒழுங்குமுறை ஆணையம் விதியையும் கண்காணிப்பையும் பார்க்கிறது, புகாரை மறுஆய்வு வாரியம் என்று தனியாக ஒன்று விசாரிக்கிறது. காரணம் சுலபம். ஓர் அலுவலகம் ஒழுங்குமுறை ஆணையத்திடம் ஆலோசனை கேட்கிறது, ‘இப்படிச் செய்யலாமா?’ என்று. ‘செய்யலாம்’ என்று பதில் வருகிறது. செய்கிறார்கள். அதன்மேல் நீங்கள் புகார் கொடுக்கிறீர்கள். அதே ஆணையம் விசாரித்தால், தான் கொடுத்த ஆலோசனை தப்பு என்று தானே தீர்ப்பு எழுத வேண்டும். யார் எழுதுவார்கள்?

கென்யா விஷயத்தில் இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும். யாருக்கு ஒப்பந்தம் என்று முடிவு செய்து எல்லோருக்கும் தெரிவித்த பிறகு 14 நாள் கழியும்வரை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது. தோற்றவர் அந்த 14 நாளுக்குள் மறுஆய்வு வாரியத்துக்குப் போகலாம். போனால் எல்லாம் அப்படியே நிற்கும். வாரியம் 21 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் பெரிய ஒப்பந்தங்களுக்கு இதே மாதிரி குறைந்தது 10 நாள் காத்திருப்புக் காலம் உண்டு. கொள்முதல் சட்டத்துக்கு ஐ.நா. தயாரித்த மாதிரி வடிவத்தின் 2011ஆம் வருடப் பதிப்பும் இதைச் சொல்கிறது. ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டால், எங்கள் அலுவலக அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: கையெழுத்து ஆகி, சரக்கு இறங்கி, பில் பாஸ் ஆன பிறகு வருகிற எந்தப் புகாரும் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். நியாயமே உங்கள் பக்கம் இருந்தாலும், ‘போர்வை வார்டுக்குப் போய்விட்டது, இனி என்ன செய்ய?’ என்று முடித்துவிடுவார்கள்.

நீங்கள் கேட்ட இலங்கைக் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கோத்தகிரியில் என் பக்கத்து வீட்டுப் பெரியவர் குடும்பம் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியது. டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னும் கொழும்புச் செய்திகளைத்தான் முதலில் படிப்பார். ‘கொள்முதல்’ என்று நான் சொன்னால் ‘பெறுகை’ என்று திருத்துவார். அங்கே டெண்டருக்கு ‘விலைமனுக் கோரல்’ என்பார்களாம். நல்ல தமிழ், நாமும் எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தேசிய பெறுகை ஆணைக்குழு 2015இல் 19ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தில் பிறந்தது. ஐந்து உறுப்பினர்கள். நேரே அரசியலமைப்பிலேயே இடம். நாமெல்லாம் பொறாமைப்பட வேண்டிய அந்தஸ்து. ஆனால் 2020இல் 20ஆவது திருத்தம் வந்து அதை அடியோடு எடுத்துவிட்டது. 2022இல், நாடே பெட்ரோல் வரிசையில் நின்ற வருடத்தில், 21ஆவது திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. ஏழு வருடத்துக்குள் பிறப்பு, இறப்பு, மறுபிறப்பு. பெரியவர் இதைச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரசியலமைப்பிலேயே எழுதினால்கூட, ஆட்சிக்கு அது தொந்தரவாகப் பட்டால் மூன்றில் இரண்டு பங்கு கை தூக்கி எடுத்துவிட முடியும் என்பதைத்தான் அதில் பார்க்கிறேன்.

பங்களாதேஷ் வேறு வழியில் போனது. 2002இல் திட்ட அமைச்சகத்துக்குள் ஒரு சின்னப் பிரிவாக ஆரம்பித்தார்கள். 2006இல் சட்டம், 2011இல் மின்னணு டெண்டர், 2023இல் அந்தப் பிரிவையே சட்டப்படியான ஆணையமாக மாற்றினார்கள். ஓசைப்படாமல் இருபது வருடம். நேபாளத்தில்கூட பொதுக் கொள்முதல் கண்காணிப்பு அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. நம்மைச் சுற்றி இருக்கிறவர்களிடம் எல்லாம் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

நம்மிடம் ஏன் இல்லை? முயற்சி நடக்காமல் இல்லை. 2012 மே மாதம் பொதுக் கொள்முதல் மசோதாவை மக்களவையில் வைத்தார்கள். 2014இல் அந்த மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. அது சட்டமாகியிருந்தாலும் உங்கள் போர்வை அதற்குள் வந்திருக்காது. மத்திய அரசுக் கொள்முதலுக்கு மட்டும், அதிலும் 50 லட்சத்துக்கு மேல் போனால்தான். மாநில அரசு தன் காசில் எப்படி வாங்குவது என்பதை டெல்லி உத்தரவு போட்டுச் சொல்ல முடியாது. அதனால் நம் நாட்டில் ‘தேசிய’ ஒழுங்குமுறை அமைப்பு என்றாலே பாதி வீட்டுக்குத்தான் கூரை.

இதை விளங்கிக்கொள்ள உங்கள் ஊரை விடச் சிறந்த ஊர் கிடையாது. குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். நகராட்சி மாநில அரசுச் சட்டத்துக்கு உட்பட்டது. நாலு எட்டு மேலே சிம்ஸ் பூங்காப் பக்கம் பாஸ்டர் நிறுவனம், அது மத்திய அரசு. வெலிங்டனில் ராணுவக் கல்லூரி, மத்திய அரசு. அருவங்காட்டில் 1904இல் வந்த கார்டைட் தொழிற்சாலை, 2021 அக்டோபரிலிருந்து மத்திய அரசின் நிறுவனம் ஒன்றின் கீழே. இவை எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று ஆட்டோ போகிற தூரத்தில்தான். அதே போர்வையை நீங்கள் நகராட்சி மருந்தகத்துக்குக் கொடுத்தால் ‘தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998’. வெலிங்டனில் கொடுத்தால் மத்திய அரசின் ‘பொது நிதி விதிகள், 2017’. முன்னது சட்டசபை போட்ட சட்டம். பின்னது நிதி அமைச்சகம் எழுதிய நிர்வாக விதி. முன்னதை மீறினால் சட்டத்தையே மீறியதாகும். பின்னதை மீறினால், பெரும்பாலும், ஆடிட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. இப்படி ஒரு சட்டத்தை முதலில் போட்ட மாநிலம் நாம்தான். கர்நாடகம் அடுத்த வருடம் வந்தது. விதிகள் 2000இல் வந்தபோது நான் அலுவலகத்தில் இளைய ஆள். இரண்டு கோடி வரைக்கும் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும் என்று படித்ததும், எங்கள் பிரிவில் ஒரு மூத்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ‘இனி வெள்ளிக்கிழமை போட்டுத் திங்கட்கிழமை திறக்க முடியாதாடா?’ என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

அந்த 15 நாளும் மலையில் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு ஆடி மாதத்தில் பார்த்தேன். அப்போதெல்லாம் பூட்டுப் போட்ட தகரப் பெட்டி, அரக்கு முத்திரை வைத்த உறைகள். மாலை மூன்று மணிக்குப் பெட்டியை மூட வேண்டும். மூன்று பத்துக்கு ஒருவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். கூடலூர்க்காரர். நடுவட்டத்துக்குப் பக்கத்தில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட, பாதி தூரம் நடந்து, பிறகு ஒரு காய்கறி லாரியில் ஏறி வந்திருக்கிறார். உறையை பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சட்டைக்குள்ளே வைத்திருந்தார். உறை நனையவில்லை. வாங்கவில்லை. வாங்க முடியாது. ஒருவருக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் அடுத்தவர் பத்து நாள் கேட்பார். அதிகாரி மறுத்தது சரிதான் என்று இன்றும் சொல்வேன். ஆனால் அந்த டெண்டருக்கு ஏழு நாள்தான் கொடுத்திருந்தார்கள். அதுதான் தப்பு. அவகாசத்தைக் குறைக்க மேலதிகாரி காரணம் எழுதி அனுமதித்திருக்க வேண்டும். ஃபைலில் ‘அவசரம் கருதி’ என்று மட்டும் இருந்தது. அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்து ‘என்ன அவசரம்?’ என்று கேட்க வெளியிலிருந்து யாரும் இல்லை. ஒழுங்குமுறை அமைப்பு என்று ஒன்று இருந்தால் அது கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இப்போது எல்லாம் இணையத்தில்தான். மரம் விழுந்தால் கவலையில்லை, மின்கம்பி விழுந்தால்தான் கவலை. கடைசி நாள் மதியம் கரண்ட் போய், கையில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை வைத்துக்கொண்டு மொபைல் டவரைத் தேடி ஓடுகிறவர்களைக் கோத்தகிரியிலும் பார்க்கலாம். இரண்டு நாள் முன்பே ஏற்றிவிடுங்கள் என்பது என் ஓசி ஆலோசனை.

நிஜமான அவசரமும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 2009 நவம்பரில் மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஊட்டி – குன்னூர் – கோத்தகிரி சாலைகளெல்லாம் துண்டு துண்டானது. மண்ணை அள்ள ஜே.சி.பி. வேண்டும் என்றால் பதினைந்து நாள் டெண்டர் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? இயற்கைப் பேரிடருக்கு 1998 சட்டத்தின் 16ஆம் பிரிவு விலக்குக் கொடுக்கிறது. கொடுக்கத்தான் வேண்டும். சிக்கல் மூன்றாவது மாதத்தில் ஆரம்பிக்கும். தடுப்புச் சுவர் கட்டுகிற வேலையும் ‘பேரிடர்’ கணக்கிலேயே நழுவப் பார்க்கும். எது மண் அள்ளும் அவசரம், எது சாவகாசமாகக் கட்டக்கூடிய சுவர் என்று கோடு கிழிப்பதுதான் கஷ்டமான வேலை. அந்தக் கோட்டை, வாங்குகிற அலுவலகமே கிழித்துக்கொண்டால் அது வசதிக்கு வளையும்.

அப்புறம் ‘ரிங்’ விவகாரம். ஒப்பந்ததாரர்கள் கூடிப் பேசிக்கொண்டு, இந்த முறை உனக்கு, அடுத்த முறை எனக்கு என்று விலை போடுவது. ஒரு முறை மூன்று டெண்டர் உறைகளைப் பிரித்தோம். மூன்று வேறு வேறு நிறுவனம், வேறு வேறு முகவரி. முன்வைப்புத் தொகைக்கான, அதாவது டெண்டரோடு கட்டுகிற உத்தரவாதப் பணத்துக்கான, வங்கி வரைவோலை மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தபோது கவனித்தேன்: ஒரே கிளை, ஒரே தேதி, எண்கள் அடுத்தடுத்து. 41, 42, 43 என்று முடிந்தது. ஒரே ஆள் கவுண்டரில் நின்று மூன்றையும் வாங்கியிருக்கிறார். அந்த டெண்டரை ரத்து செய்தார்கள். ஆனால் அதே மூவர் பக்கத்து அலுவலகத்தில், அடுத்த மாவட்டத்தில் என்ன செய்தார்கள் என்று பார்க்க எங்களிடம் வழியே இல்லை. எங்கள் மேசைக்கு எங்கள் ஃபைல் மட்டும்தான் தெரியும். எல்லா அலுவலகங்களின் டெண்டரையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கிற ஒருவருக்குத்தான் முறை வைத்து ஜெயிப்பது கண்ணில் படும். ஒழுங்குமுறை அமைப்பின் வேலைகளில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுவது இந்தத் தகவல் திரட்டுதான், புகார் விசாரணைகூட இல்லை. உக்ரைன் 2016இலிருந்து எல்லா அரசு டெண்டரையும் புரோசோரோ என்ற ஒரே தளத்தில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்தது. பத்திரிகைக்காரரும் பார்க்கலாம், தோற்றவரும் பார்க்கலாம்.

நம்மிடம் இந்த வேலைகள் இல்லாமல் இல்லை, சிதறிக் கிடக்கின்றன. ரிங் போட்டால் போட்டிச் சட்டம் 2002இன் கீழ் இந்தியப் போட்டி ஆணையம் விசாரிக்கும். மாநில டெண்டரானாலும் விசாரிக்கும். அபராதம் லாபத்தைப் போல மூன்று மடங்கு, அல்லது விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை. லஞ்சம் என்றால் மத்திய அலுவலகத்துக்கு மத்திய கண்காணிப்பு ஆணையம், மாநில அலுவலகத்துக்கு நம் ஊழல் தடுப்புத் துறை. செலவு முடிந்த பிறகு கணக்குப் பார்க்கத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். மத்திய விதிகளை எழுத நிதி அமைச்சகத்தின் செலவினத் துறையில் ஒரு கொள்முதல் கொள்கைப் பிரிவு. யானையின் கால் ஒருவரிடம், தும்பிக்கை ஒருவரிடம், வால் ஒருவரிடம். அந்த மத்திய கண்காணிப்பு ஆணையமே 1964இல் நம் கே. சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழு சொல்லி வந்ததுதான்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. இருந்திருந்தால் உங்களுக்கு நியாயம் கிடைத்திருக்குமா? டெல்லியில் ஒரு பெரிய கட்டடத்தில் உட்கார்ந்த ஆணையம், எட்டு லட்சம் ரூபாய்ப் போர்வை டெண்டருக்காகக் குன்னூரைத் திரும்பிப் பார்த்திருக்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது எழுதிய ஒரு படிவம் உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். பதினான்கு நிபந்தனைக்கும் பதினான்கு கட்டம், ஒவ்வொன்றிலும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’, ‘இல்லை’ என்றால் எந்தப் பக்கத்தில் எந்தக் காகிதம் குறைகிறது என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுதக் கை கூசும்போதுதான் பாதித் தில்லுமுல்லு நிற்கும். ‘நிபந்தனை பூர்த்தி செய்யப்படவில்லை’ என்று நானும் எழுதியிருக்கிறேன். மேலிருந்து சொன்னார்கள், எழுதினேன். எந்த நிபந்தனை என்று கேட்கும் கட்டம் ஒன்று அந்தப் படிவத்தில் இருந்திருந்தால், ‘எதை சார் எழுத?’ என்று நான் திருப்பிக் கேட்டிருப்பேன். கேட்கிற தைரியம் எனக்கு அந்தக் கட்டத்திலிருந்து வந்திருக்கும்.

ஆணையத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், கையில் இருக்கிறதைச் சொல்கிறேன். உங்கள் டெண்டர் மாநில அரசு நிறுவனத்தினுடையது என்பதால் 1998 சட்டம். அதன் 10ஆம் பிரிவுப்படி, யாருடைய டெண்டரை ஏற்றார்கள் என்பதையும், மற்றவர்களுடையதை ஏன் நிராகரித்தார்கள் என்ற காரணங்களையும், டெண்டர் விவரங்களை வெளியிடுகிற டெண்டர் அறிக்கை அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். அதாவது காரணம் என்று ஒன்று எழுதப்பட்டே ஆக வேண்டும். அதைக் கேளுங்கள், எழுத்தில், பதிவுத் தபாலில். 11ஆம் பிரிவுப்படி, உத்தரவு உங்கள் கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது, பலர் விழுந்திருக்கிறார்கள். காரணத்தைத் தெரிந்துகொள்ளத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். அதற்குப் பதில் வர 30 நாள். பதில் வரும்போது மேல்முறையீட்டு நாள் போயே போய்விட்டது. இரண்டையும் ஒரே நாளில் போடுங்கள். மேல்முறையீட்டில் ‘காரணம் தெரிவிக்கப்படவில்லை’ என்பதையே முதல் காரணமாக வையுங்கள்.

அந்த மேல்முறையீடு அரசுக்கே போகிறது, வாங்கிய துறையின் மேல் மாடிக்கு. வெளியாள் இல்லை. நம் சட்டத்தின் பெரிய ஓட்டை இது என்று நினைக்கிறேன். தனியாக ஒரு மறுஆய்வு வாரியம் வேண்டும் என்றால் சென்னையில், மாநில அளவில் வேண்டும், டெல்லியில் வேண்டாம். மேல்முறையீட்டிலும் நடக்கவில்லை என்றால் உயர் நீதிமன்றம். நீலகிரிக்குச் சென்னை, மதுரைக் கிளை கிடையாது. ஆனால் நீதிமன்றம் உங்கள் போர்வை நல்லதா, அவர் போர்வை நல்லதா என்று பார்க்காது. முடிவு எடுத்த விதம் ஒழுங்காக இருந்ததா என்பதை மட்டும் பார்க்கும். 1994இல் டாட்டா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு அது. அதனால்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன், விலையை விடுங்கள், காரணத்தைப் பிடியுங்கள் என்று. எட்டு லட்ச ரூபாய்க்கு வக்கீல் செலவு கட்டுப்படியாகுமா என்பதை நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் நீதிமன்றம் போகமாட்டேன், மேல்முறையீட்டைக் கட்டாயம் போடுவேன். அடுத்த டெண்டரில் நிபந்தனை எழுதுகிறவர் உங்கள் பெயரை நினைவில் வைத்திருப்பார். அது கெடுதலாகவும் முடியலாம் என்பதை மறைக்கவில்லை.

இன்னொன்று. குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு வைத்திருக்கிறீர்களா? மத்திய அரசு நிறுவனங்கள் வருடக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும், அதற்குள் 3 விழுக்காடு பெண்கள் நடத்தும் நிறுவனங்களிடம். முன்வைப்புத் தொகையிலிருந்தும் விலக்கு உண்டு. வெலிங்டனும் அருவங்காடும் உங்கள் வாசலில் இருக்கும்போது ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வெலிங்டன் மாதிரி மத்திய அரசு அலுவலகத்தில் நிராகரித்தாலும் கேள்வி கேட்கப் பொது நிதி விதிகளின் 173ஆவது விதி இடம் கொடுக்கிறது.

அப்புறம், இந்த டெண்டருக்குக் கட்டிய முன்வைப்புத் தொகை உங்களுக்குத் திரும்பி வந்ததா? கேள்வியில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வரவில்லை என்றால் காரணம் கேட்கிற அதே கடிதத்தில் கடைசி வரியாக அதையும் சேர்த்துவிடுங்கள். தபால் ரசீதை டெண்டர் ஆவணத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். மழைக்காலத்தில் தனிக் காகிதம் வீட்டில் நிற்காது.